மலையேறப் போகிறீர்களா? பையில் போட வேண்டிய தின்பண்டங்கள்: வாங்குவது, கட்டுவது, தின்னும் நேரம்

மலையேற்றத்துக்கு எந்த ஷூ, எந்தப் பை என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வழியில் தின்ன என்ன கொண்டுபோவது என்று கேட்டால் மட்டும் "ரெண்டு பாக்கெட் பிஸ்கட் போதும்" என்று முடித்துவிடுவார்கள். வெள்ளியங்கிரியில் பாதி வழியில் கால் நடுங்கி உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சாயங்காலம் கோவையில் சாப்பிட்டதோடு சரி, அப்புறம் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை என்பார்கள். பையில் பண்டம் இருக்கும். ஆனால் அது மேட்டில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாத பண்டமாக இருக்கும்.

இந்தக் கேள்விக்கு விடை தேடி மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட், நாட்டு மருந்துக்கடை எல்லாம் ஏறி இறங்கிக் காசைக் கொட்டிய பிறகு எழுதுகிறேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு நாளிலோ ஓர் இரவிலோ ஏறி இறங்கும் பாதைகளுக்கான வழிமுறை இது. அதிலும் பலர் முதன்முதலில் ஏறும் மலை வெள்ளியங்கிரி என்பதால் உதாரணங்களை அங்கிருந்தே எடுத்திருக்கிறேன்.

1. கடைக்குப் போவதற்கு முன் பாதையின் விதிகளைப் பாருங்கள்

எந்தப் பண்டம் என்பதைப் பாதியளவு வனத்துறையே முடிவு செய்துவிடுகிறது. வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற விடுகிறார்கள். பூண்டி அடிவாரத்தில் பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் உறையில் இருக்கும் தின்பண்டத்தைப் பிரித்துக் காகிதத்தில் மாற்றச் சொல்வார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு சிறு முன்பணம் வாங்குவார்கள். கூட்ட நாளில் அந்த வரிசையில் நின்றுகொண்டு பத்துப் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவது பெரிய தலைவலி. வீட்டிலேயே உறையைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் சோதனை சீக்கிரம் முடியும்.

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, எனவே ஸ்டீல் பாட்டில்தான். காப்புக்காட்டுக்குள் போகும் எந்தப் பாதைக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதிச் சீட்டின் நகலையும் ஆதார் போன்ற அடையாள அட்டையையும் பண்ட டப்பாவோடு அடியில் திணிக்காமல் பையின் மேல் அறையில் வையுங்கள். வெல்லப் பிசுக்கு ஒட்டிய அனுமதிச் சீட்டை நீட்டுவதற்குக் கூச்சமாக இருக்கும்.

தீப்பெட்டி, லைட்டர், கேஸ் அடுப்பு எதற்கும் காட்டில் இடமில்லை. மேலே போய் நூடுல்ஸ் கிண்டலாம் என்ற திட்டத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். எடுத்துப் போவது எல்லாமே பிரித்தவுடன் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும்.

2. எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

முதல் முறை போகிறவர்கள் ஒன்று கையை வீசிக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் ஒரு குடும்பத்துக்கே காணும் அளவுக்குச் சுமப்பார்கள். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

60 கிலோ எடையுள்ள ஒருவர் பையோடு மேடு ஏறினால் மணிக்குச் சுமார் 400 கலோரி செலவாகும். எடை, சரிவு, வேகம் பொறுத்து இது கூடும், குறையும். அத்தனையையும் வழியிலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை, முந்தைய சாப்பாடும் உடம்பின் சேமிப்பும் பாதிக்கு மேல் பார்த்துக்கொள்ளும். நீங்கள் கொடுக்க வேண்டியது மணிக்கு 150 முதல் 200 கலோரி. அதில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாக 30 கிராமாவது இருக்க வேண்டும்.

வெள்ளியங்கிரியில் ஏற 4 முதல் 6 மணி நேரம், இறங்க 3 முதல் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 மணி நேரம் என்றால் 1,200 முதல் 1,600 கலோரி. கடலை மிட்டாய் மாதிரியான பண்டத்தில் 100 கிராமுக்கு 450 முதல் 500 கலோரி வரை கிடைக்கும். ஆக ஓர் ஆளுக்கு 350 கிராம். அதோடு 100 கிராம் தனியாக அவசரத்துக்கு. மொத்தமே அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும்.

அந்த அவசரப் பொட்டலத்தைப் பஸ் ஏறும் வரை தொடக் கூடாது. யாருக்காவது கால் பிசகி, இறங்குவது நாலு மணி நேரம் தாமதமானால் அப்போதுதான் அதற்கு வேலை.

3. எதை வாங்குவது

மூன்று கேள்வி கேளுங்கள். மூச்சு வாங்கும்போது மெல்ல முடியுமா? ஒரு கையால் எடுத்து வாயில் போட முடியுமா? மதிய வெயிலில் உருகாமல், கெடாமல் இருக்குமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் வாங்கலாம். அப்புறம்தான் சத்து, விலை எல்லாம்.

கடலை மிட்டாய். என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். வெல்லம் உடனே வேலை செய்யும், கடலை மெதுவாக எரிந்து நெடுநேரம் தாங்கும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாய் கிடைத்தால் நல்லது, பக்கத்துக் கடை மிட்டாயிலும் குறை ஒன்றுமில்லை. உருண்டையாக வாங்காமல் மெல்லிய சில்லாக வாங்குங்கள். குளிரில் உருண்டை இறுகிப் பல்லைப் பதம் பார்க்கும்.

பேரீச்சம்பழம். 100 கிராமுக்கு 280 கலோரியை ஒட்டித்தான் வரும், கனத்துக்கு இது குறைவு. ஆனாலும் விடமாட்டேன். வாய் வறண்டு வேறு எதுவும் இறங்காத நேரத்திலும் இது இறங்கும். விலை உயர்ந்த ரகம் வேண்டாம், சாதாரணப் பழமே போதும். கொட்டையை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

பொட்டுக்கடலையும் வறுத்த நிலக்கடலையும். இனிப்பு திகட்டும் என்பது ஏறிப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் இன்னொரு மிட்டாயைப் பார்த்தாலே குமட்டும். அப்போது கை தேடுவது உப்புப் போட்ட கடலையைத்தான். பொட்டுக்கடலை தனியாகத் தின்றால் தொண்டையை அடைக்கும், உலர் திராட்சையோடு கலந்துவிடுங்கள்.

பொரிவிளங்காய் உருண்டை. வாரக்கணக்கில் கெடாத, பயணத்துக்கென்றே பிறந்த பண்டம். ஆனால் முழுசாக எடுத்துப் போனால் மலையில் உடைக்கக் கல் தேட வேண்டிவரும். வீட்டில் உடைத்து, நெல்லிக்காய் அளவுத் துண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எள்ளுருண்டை நல்லது, கடலை மிட்டாய்க்குச் சமமான கலோரி. கொப்பரையில் 650-க்கு மேல் இருக்கிறது, நாலு துண்டு போதும். இனிப்புப் புளி மிட்டாயும் இஞ்சி மிட்டாயும் கலோரிக்காக இல்லை, வாந்தி வருவது போல் இருக்கும்போது வாயில் அடக்கிக்கொள்ள. ஆளுக்கு ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள், கூட வருபவர்கள் கேட்பார்கள்.

அவல், வெல்லப்பொடி, பொட்டுக்கடலை மாவு, ஏலக்காய் நான்கையும் உலர்வாகக் கலந்து ஒரு சிறு டப்பாவில் வைத்தால் மேலே போய்க் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து சாப்பிடலாம். உச்சியில் உட்கார்ந்து சாப்பிட இதைவிட நல்ல உணவு எனக்குத் தெரிந்து இல்லை.

இனி வேண்டாதவை.

சாக்லேட்: கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். இரவில் ஏறும்போது சரி, காலை பத்து மணிக்கு இறங்கும்போது அது குழம்பாகியிருக்கும். நெய் இனிப்பு, பால்கோவா: கொழுப்பு அதிகம் என்பதால் வயிற்றில் கல்லாக உட்காரும், செங்குத்துப் படியில் புரட்டும். சிப்ஸ்: பை முழுக்கக் காற்று. வாழைப்பழம்: ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் தின்ன அருமையானது, பையில் வைத்தால் நசுங்கும், குரங்கை அழைக்கும். அவித்த முட்டை: வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள். முட்டை ஓட்டையும் ஆரஞ்சுத் தோலையும் "மக்கிவிடும்" என்று சொல்லிக் காட்டில் வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். மக்கப் பல மாதங்கள் ஆகும், அதற்குள் அடுத்தவர் அதை மிதிப்பார்.

புளியோதரை பற்றிக் கேட்பீர்கள். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்திருப்பதால் மற்றச் சோறுகளைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு, நடந்துகொண்டே தின்னும் பண்டம் இல்லை. இரண்டு பேருக்கு ஒரு பொட்டலம் போதும்.

4. எனர்ஜி பார்தான் வேண்டும் என்றால்

வாங்குங்கள், தப்பில்லை. ஒரு பார் 40 ரூபாயிலிருந்து 100 ரூபாய்க்கு மேல் வரை போகும். அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதை அட்டையின் முன்பக்கம் சொல்லாது, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

உட்பொருள் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். முதல் பெயர் சர்க்கரையாகவோ லிக்விட் குளுக்கோஸாகவோ இருந்தால் அது மிட்டாய். மலைக்கு மிட்டாய் நல்லதுதான், ஆனால் கடலை மிட்டாய்க்கு நாலு மடங்கு விலை எதற்கு? கலோரியை "ஒரு பரிமாறலுக்கு" என்ற கட்டத்தில் பார்க்காமல் 100 கிராமுக்கு என்ற கட்டத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண், காலாவதித் தேதி இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

புரோட்டீன் பார் வேறு, எனர்ஜி பார் வேறு. உடற்பயிற்சிக்கூடத்துக்கு 20 கிராம் புரதம் நல்லது. ஏறும்போது உங்களுக்கு வேண்டியது மாவுச்சத்து. புரதம் செரிக்க நேரமாகும், தாகமும் எடுக்கும். "சர்க்கரை சேர்க்காதது" என்று பெரிதாக எழுதியிருந்தால் பட்டியலில் மால்டிடால், சார்பிடால் என்ற மாற்று இனிப்பூட்டிகளின் பெயர்களைத் தேடுங்கள். அளவு கூடினால் இவை வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கழிப்பறை இல்லாத பாதையில் அந்தச் சோதனை வேண்டாம். எந்தப் பாராக இருந்தாலும் ஒரு வாரம் முன்னால் மருதமலைப் படி ஏறும்போதோ மொட்டைமாடிப் படியில் பயிற்சி செய்யும்போதோ தின்று பார்த்துவிடுங்கள். புதுப் பண்டத்தை மலையில் முதன்முதலாகப் பிரிக்கக் கூடாது.

5. வீட்டில் செய்தால்

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 200 கிராம், வெல்லம் 150, பொட்டுக்கடலை 50, வறுத்த எள் 50, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூடுதல். கடலையைப் பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வர வேண்டும். அந்தப் பாகில் எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு இருக்கும்போதே கோடு போட்டுவிடுங்கள். பாகு இளசாக எடுத்தால் மறுநாளே கையில் ஒட்டும்.

செலவு, எங்கள் பக்க விலைக்கு 80 ரூபாயை ஒட்டி வரும். கிடைப்பது 450 கிராம், ஏறத்தாழ 2,100 கலோரி. அதாவது ஓர் ஆளின் முழுப் பயணத்துக்கும் தாராளம். இதில் 50 கிராம் துண்டோடு இரண்டு பேரீச்சம்பழம் சேர்த்தால் 35 கிராம் மாவுச்சத்து ஆகிறது, ஒரு மணி நேரக் கணக்கு முடிந்தது. மூன்று நாள் முன்னால் செய்தால் போதும். முந்தின நாள் ராத்திரி செய்ய உட்காராதீர்கள், அன்று தூங்க வேண்டும்.

6. உப்பை மறக்காதீர்கள்

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வரும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள்.

மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவனச் செய்முறை என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பொடி இரண்டு பாக்கெட் வாங்குங்கள், பாக்கெட் 20, 25 ரூபாய். 20.5 கிராம் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சுவையாக இல்லை என்று அரை லிட்டரில் கரைப்பதும், மிச்சம் பிடிக்க இரண்டு லிட்டரில் கரைப்பதும் தப்பு. அட்டைப்பெட்டியில் வரும் பழச்சாறு பானங்கள் வேறு. அவற்றில் சர்க்கரைதான் அதிகம். அந்தச் செய்முறைப்படி இல்லாதவை ஓஆர்எஸ் என்ற பெயரையே போடக் கூடாது என்று 2025-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது.

பானம் பிடிக்காதவர்களுக்கு உப்பில் ஊறிய நெல்லிக்காய். ஒன்றைக் கடித்துத் தண்ணீர் குடித்தால் தண்ணீரே இனிக்கும், உப்பும் உள்ளே போகும். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உப்புக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காஃபின் கலந்த எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே இதயம் படபடத்துக்கொண்டிருக்கும்.

7. கட்டும் முறை

எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுப் பையின் அடியில் வைத்தால் நீங்கள் தின்னப் போவதில்லை. நின்று, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, டப்பாவைத் தேடி எடுக்கச் சோம்பலாக இருக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பொட்டலம் என்று பட்டர் பேப்பரில் மடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இனிப்பு ஒன்று, உப்பு ஒன்று. அப்போது தேவைப்படும் பொட்டலம் மட்டும் பேன்ட் பாக்கெட்டிலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும். மிச்சம் ஸ்டீல் டப்பாவில், டப்பா துணிப்பையில், துணிப்பை முதுகுப்பையின் நடுவில். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பனி இறங்கும் இரவில் டப்பா இறுக்கமாக மூட வேண்டும். காலியான காகிதங்களைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு சிறு துணிப்பை, நம்ம மஞ்சப்பையே போதும்.

8. தின்னும் நேரம்

பசித்த பிறகு தின்பது தாமதம். இதை மட்டும் சரியாகச் செய்தால் பண்டம் எதுவாக இருந்தாலும் பாதி வேலை முடிந்தது.

ஏறத் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி, இடியாப்பம், தயிர்ச்சாதம் மாதிரி எளிதான சாப்பாடு. பரோட்டாவும் பிரியாணியும் இறங்கி வந்த பிறகு. அப்புறம் ஏறத் தொடங்கி 45 நிமிடத்தில் முதல் வாய், பசி இல்லாவிட்டாலும். அதன் பின் 45 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று கடி, நாலு மடக்குத் தண்ணீர். கைபேசியில் அலாரம் வையுங்கள். இருட்டில் வரிசையாக ஏறும்போது நேரம் தெரியாது.

வெள்ளியங்கிரியில் ஏற வேண்டிய ஏழு மலைகளில் முதல் மலை படிதான், ஆனால் செங்குத்து. அங்கே மூச்சு முட்டும்போது வாயில் கடலையைப் போட்டால் புரை ஏறும். திருப்பத்தில் நின்று, மூச்சு நிதானமான பிறகு மெல்லுங்கள். வழியில் சுனைகள் வரும், கடைகளும் கொஞ்ச தூரம் வரை இருக்கும். சுக்குக் காப்பி கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் மேலே போகப் போக விலை ஏறும், சரக்கும் இருக்குமென்று நம்ப முடியாது. சில்லறை நோட்டு 200 ரூபாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் குளிர் காற்று அடிக்கும்போது பசி தெரியாது. அப்போது அந்த அவலைச் சாப்பிட்டுவிடுங்கள். இறங்கும்போது "இனி என்ன, இறக்கம்தானே" என்று தின்பதை நிறுத்துகிறார்கள். தொடை நடுங்குவதும் படியில் கால் தவறுவதும் அப்போதுதான்.

இமயமலைப் பக்கம் 3,000 மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு ஒரு வரி: அங்கே பசியே எடுக்காது, கொழுப்பான பண்டம் இன்னும் வெறுக்கும். பேரீச்சை, திராட்சை, புளி மிட்டாயின் பங்கைக் கூட்டி, கடலையின் பங்கைக் குறையுங்கள்.

9. குரங்கும் யானையும்

குரங்குக்குக் காகிதச் சத்தம் போதும், எங்கிருந்தோ வரும். கையில் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். பிடுங்க வந்தால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள், கடித்தால் ஊசி போட ஓட வேண்டும். எந்த விலங்குக்கும் தூக்கிப் போடாதீர்கள். யானைக்கு மோப்பம் அதிகம். வெல்லம், பழம், உப்பு மூன்றும் அதற்குப் பிடித்தவை. இரவில் தங்கும் இடத்தில் பண்டப்பையைத் தலைமாட்டில் வைக்காமல், எங்கே வைப்பது என்று வனக் காவலரிடமோ வழிகாட்டியிடமோ கேட்டு, அவர் சொல்லும் இடத்தில் வையுங்கள்.

10. சிலருக்கு மட்டும்

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் போவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். ஏறும்போது சர்க்கரை திடீரெனக் குறையலாம். குளுக்கோஸ் பொடியைச் சட்டைப் பையில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று கூட வருபவரிடமும் சொல்லிவையுங்கள். இதய நோய், மூச்சுத்திணறல் இருப்பவர்களை ஏற வேண்டாம் என்று அடிவாரத்திலேயே எச்சரிக்கிறார்கள். எந்தப் பண்டமும் அதற்கு மாற்றாகாது. குழுவில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று கிளம்பும் முன் கேளுங்கள். இருந்தால் அவருக்குப் பொட்டுக்கடலை உருண்டையைத் தனி டப்பாவில் கட்டுங்கள், கடலை தொட்ட கையால் அதை எடுக்காதீர்கள்.

கீழே வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள். அதற்கு முன் சோதனைச் சாவடியில் பாட்டிலையும் ஸ்டிக்கரையும் காட்டி முன்பணத்தை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். கால்வலியில் நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டு, கோவை வந்த பிறகுதான் பலருக்கும் அந்த நினைப்பே வருகிறது.